‘ஃபர்ஸ்ட் காப்பி’ வாட்ச்சை ஆன்லைனில் வாங்கலாமா? பாண்டி முதல் பாரிஸ் வரை ஒரு விளக்கம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. கண் குழி விழுந்திருந்தால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள். சில நூறு ரூபாய் மீனுக்கு இவ்வளவு சோதனை போடுகிற அதே கை, ராத்திரி பதினொரு மணிக்கு இன்ஸ்டாகிராம் ரீலில் வருகிற ‘ரோலக்ஸ் சப்மரைனர், ஒன் இஸ் டு ஒன் குவாலிட்டி, 4,499 ரூபாய் மட்டுமே, கேஷ் ஆன் டெலிவரி’ விளம்பரத்தைப் பார்த்ததும் ஆர்டர் போட்டுவிடுகிறது.

டூப்ளிகேட் வாட்ச் பாண்டிக்குப் புதிதல்ல. குபேர் அங்காடி என்பது பெரிய மார்க்கெட்டின் அதிகாரப்பூர்வப் பெயர். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் நினைவாக வைத்தது. அதை ஒட்டிய காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சண்டே மார்க்கெட். டி-ஷர்ட், செருப்பு, பெல்ட், பர்ஸ் வரிசையில் வாட்ச்சும் கிடக்கும். 300 ரூபாய்க்கு வாங்குகிறவர் அதை அசல் என்று நம்புவதில்லை. விற்கிறவரும் அப்படிச் சொல்வதில்லை. நின்றுபோனால் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் போய், "என்னண்ணே, நாலு நாள்கூட ஓடல"ன்னு கேட்க ஒரு ஆளாவது இருப்பார்.

ஆன்லைனுக்கு வந்ததும் இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயம் மாறிவிட்டது. 300 ரூபாய் 5,000 ஆனது, சிலருக்கு 50,000-மும் ஆனது. கேட்க இருந்த ஆள் காணாமல் போனார்.

‘ரோலக்ஸ்’ என்றொரு மோகம்

2022 ஜூனில் வெளியான ‘விக்ரம்’ படத்தின் கடைசி சில நிமிடங்களில் சூர்யா வந்த கேரக்டரின் பெயர் ரோலக்ஸ். படம் ஹிட்டானதும் கமல்ஹாசன் சூர்யாவுக்கு ஒரு ரோலக்ஸ் வாட்ச்சையே பரிசளித்தார். அந்த போட்டோ போகாத வாட்ஸ்அப் குரூப் இல்லை. வாட்ச் கம்பெனி பெயரே தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு பெயர் மனப்பாடமானது.

பிரச்சினை விலை. ரோலக்ஸ் சப்மரைனர் மாடல் ஒன்றுக்கு இந்திய ஷோரூமில் பத்து லட்சம் ரூபாய் பக்கம் ஆகும். இதில் வரிக்கும் பங்கு உண்டு. சுவிஸ் வாட்ச்சுக்கு இந்தியா போட்டுவந்த அடிப்படைச் சுங்க வரி 20%, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி, அதற்கும் மேல் 18% ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்தால் 1 லட்ச ரூபாய் மதிப்புள்ள வாட்ச், ஏர்போர்ட்டைத் தாண்டும்போதே கிட்டத்தட்ட 1.44 லட்சம் ஆகிவிடும். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளுடன் இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்திருப்பதால், இந்தச் சுங்க வரி அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். குறைந்தாலும் பத்து லட்சம் பத்தாயிரம் ஆகப் போவதில்லை.

பணம் இருந்தாலும் சில மாடல்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் வேறு. சம்பளம் 35,000, ஆசை பத்து லட்சம். இந்த இடைவெளியில்தான் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ வியாபாரம் நடக்கிறது.

பெட்டிக்குள் நிஜமாக என்ன இருக்கிறது?

‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘7ஏ’, ‘சூப்பர் க்ளோன்’ என்று பல பெயர்கள். கேட்டால் ஏதோ ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி இருக்கும். எந்த அமைப்பும் இவற்றுக்குத் தரம் நிர்ணயித்ததில்லை. ஒரு பேஜ் 7ஏ என்று விற்பதை இன்னொரு பேஜ் மாஸ்டர் காப்பி என்று விற்கும். விற்கிறவர் வாய்க்கு வந்ததுதான் கிரேடு.

விலை குறைந்த காப்பிகளில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் இருக்கும். வினாடி முள் ‘டிக், டிக்’ என்று ஒவ்வொரு படியாகத் தாவும். அசல் சப்மரைனரில் பேட்டரி கிடையாது; கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம். அது வினாடிக்கு 8 துடிப்பு வேகத்தில் நகர்வதால் முள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். முன்பெல்லாம் "முள் தாவினால் டூப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இப்போது அந்த டெஸ்ட் செல்லாது. கொஞ்சம் விலை கூடிய காப்பிகளில் சீனத் தயாரிப்பு ஆட்டோமேட்டிக் இயந்திரமோ, ஜப்பானின் மியோட்டா இயந்திரமோ வந்துவிடுகிறது.

மியோட்டா நல்ல இயந்திரம். சிட்டிசன் வாட்ச் கம்பெனியின் துணை நிறுவனம் தயாரிப்பது, உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் நேர்மையாக வாங்கிப் பயன்படுத்துவது. அதே குடும்பத்து இயந்திரத்தோடு, சிட்டிசன் என்ற சொந்தப் பெயரோடு, பில்லோடு, வாரன்டியோடு கடையில் வாட்ச் கிடைக்கிறது. காப்பி வாங்கும்போது அந்த இயந்திரத்தின் விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கும் பணமெல்லாம் டயலில் இருக்கும் ஐந்து முனைக் கிரீடத்துக்குத்தான்.

டயலில் ‘300 மீட்டர்’ என்று அச்சடித்திருக்கும். அசலில் அது சோதித்துப் பார்த்துத் தரும் உறுதி. காப்பியில் வெறும் எழுத்து. கண்ணாடி ஓரத்திலும் பின்மூடியிலும் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால், கடலுக்குப் போக வேண்டாம், ஐப்பசி மழையில் ஸ்கூட்டி ஓட்டினாலே டயலுக்குள் ஆவி படியும். அசல் ரோலக்ஸில் 904எல் வகை ஸ்டீல். மலிவுக் காப்பியில் என்ன உலோகம் என்று சொல்ல ஆளில்லை. மட்டமான கலவையிலிருந்து நிக்கல் கசிந்து தோலில் பட்டால், அலர்ஜி உள்ளவர்களுக்கு மணிக்கட்டைச் சுற்றி அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். வியர்வை அதை இன்னும் கூட்டும். பாண்டியில் வியர்வைக்குப் பஞ்சமா என்ன?

ரிப்பேர் கதை தனி. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் காப்பி வாட்ச்சில் கை வைக்காது. தெருமுனை ரிப்பேர்காரர் பேட்டரி மாற்றுவார், ஸ்ட்ராப் போடுவார். உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதற்கு ஸ்பேர் எங்கே போய்த் தேடுவது? பெரும்பாலும் மொத்த இயந்திரத்தையே தூக்கிப் போட்டு வேறு மாற்ற வேண்டிவரும்.

அந்த இரண்டு வார்த்தைகளின் வேலை

பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இது: "வாங்கினா போலீஸ் பிடிக்குமா?"

இந்தியாவில், சொந்த உபயோகத்துக்கு ஒரு காப்பி வாட்ச் வாங்கிக் கட்டியதற்காக மட்டும் டிரேட் மார்க் சட்டம் உங்களைத் தண்டிப்பதில்லை. 1999-ம் ஆண்டின் அந்தச் சட்டம் குறிவைப்பது போலி முத்திரை குத்துபவர்களை (பிரிவு 103), அந்தப் பொருளை விற்பவர்களை, விற்பதற்காக வைத்திருப்பவர்களை (பிரிவு 104). அவர்களுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

"அப்ப நமக்குப் பிரச்சினை இல்ல ப்ரோ" என்று இங்கேயே வாசிப்பதை நிறுத்திவிட வேண்டாம். சட்டம் உங்களைப் பிடிக்காது என்பது ஒன்று. உங்களுக்குத் துணை வருமா என்பது வேறு.

ஆன்லைனில் காப்பி வாட்ச் வாங்குபவர்களில் இரண்டு வகை. அசல் என்று நம்பி ஏமாந்தவர் ஒருவர். காப்பி என்று தெரிந்தே வாங்கியவர் இன்னொருவர். இருவர் கைக்கும் வந்தது ஒரே பொருளாக இருக்கலாம். சட்டத்தின் முன் இருவரும் நிற்கும் இடம் வேறு வேறு.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘போலிப் பொருள்’ என்பதற்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள். அசல் என்று பொய்யாகச் சொல்லப்படும் பொருள்தான் போலிப் பொருள். அதை விற்று, அதனால் நுகர்வோருக்குக் கொடுங்காயம் அல்லாத காயம் ஏற்பட்டால் ஓராண்டுவரை சிறை, 3 லட்சம்வரை அபராதம் (பிரிவு 91). 2020-ல் வந்த மின்வணிக விதிகளும் சும்மா இல்லை: போலியாகவோ, குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. ஏமாந்தவருக்கு இவ்வளவு ஆயுதம் இருக்கிறது.

இப்போது அந்த இன்ஸ்டா பேஜுக்குத் திரும்பி வாருங்கள். பயோவில் என்ன எழுதியிருக்கிறது? ‘பிரீமியம் ஃபர்ஸ்ட் காப்பி’. அவர் அசல் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளும் பொருளின் தரத்தைச் சொல்வதற்காக அங்கே இல்லை, நீங்கள் நாளைக்குப் புகார் கொடுக்கும்போது, "தெரிஞ்சுதானே சார் வாங்குனீங்க?" என்று கேட்பதற்காக இருக்கின்றன. ரோலக்ஸ் கம்பெனி வழக்குப் போட்டால் அந்த வார்த்தைகள் அவரைக் காப்பாற்றாது. உங்களிடமிருந்து நன்றாகவே காப்பாற்றும்.

அதற்கும் மேல் இந்திய ஒப்பந்தச் சட்டம். 1872-ல் எழுதியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. நோக்கமே சட்டவிரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 23. காப்பி வாட்ச்சை விற்பது குற்றம் என்று தெரிந்தே பேசி முடித்த டீலுக்கு, "ஒரு வருஷ வாரன்டின்னு சொன்னாங்க, ரெண்டே வாரத்துல நின்னுடுச்சு" என்று கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? நீதிபதி உங்கள் பக்கம் சாய்வது ரொம்பக் கஷ்டம்.

டெல்லியில் நடந்த ஒரு வழக்கு

அசல் என்று சொல்லி ஆன்லைனில் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. டிகாஸ் என்ற இ-காமர்ஸ் தளம் கார்டியே, பனெராய், வாஷெரோன் கான்ஸ்டான்டின் போன்ற பெரிய பிராண்டுகளின் பெயரில் வாட்ச்களைப் பெரிய தள்ளுபடியில் விற்றது. வந்தவை போலி. கார்டியே தரப்பு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2016-ல் வந்த தீர்ப்பில் விற்பனைக்குத் தடை, கூடவே 1 கோடி ரூபாய் இழப்பீடு.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த 1 கோடி வழக்குப் போட்ட கம்பெனிகளுக்கானது. தள்ளுபடியைப் பார்த்து வாங்கிய கஸ்டமர்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. பிராண்டுகள் தங்கள் பெயரைக் காக்கக் கோர்ட்டுக்குப் போகும், உங்கள் ஐந்தாயிரத்துக்காகப் போகாது.

இப்போதைய விற்பனையாளர்கள் அந்த அளவுக்கு வெப்சைட், கம்பெனிப் பதிவு எல்லாம் வைத்துக்கொள்வதும் இல்லை. ஒரு பேஜ், ஒரு வாட்ஸ்அப் நம்பர், ஒரு க்யூஆர் கோடு. பேஜ் முடக்கப்பட்டால் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி மறுநாள் காலை புதுக்கடை. நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டுமே!

பார்சல் வரும் பாதையில்

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் ஆட்களும் உண்டு. சீனாவிலிருந்து வரும் இத்தகைய பார்சல்களில் ‘கிஃப்ட்’ என்று எழுதி, மதிப்பைச் சொற்பமாகக் காட்டுவது பழைய வித்தை. 2019 டிசம்பரிலேயே இந்தியா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, பரிசு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ முழு வரி கட்டாமல் எதையும் இறக்குமதி செய்ய முடியாது. போலி முத்திரைப் பொருட்களைச் சுங்கத் துறை தடுத்து நிறுத்த 2007-லிருந்து தனி விதிகள் உள்ளன. சொந்த உபயோகத்துக்கான சிறு பார்சல்களுக்கு அவற்றில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு அறிவுசார் சொத்துரிமை விதிக்கு மட்டும்தான். வரியைக் குறைத்துக் காட்டியதற்கும், கிஃப்ட் என்று பொய் சொன்னதற்கும் அது பொருந்தாது. ஒரே பெட்டியில் நண்பர்களுக்கும் சேர்த்து ஆறு வாட்ச் போட்டால் ‘சொந்த உபயோகம்’ என்று சொல்வதும் கஷ்டம்.

இதைவிடப் பரவலான ஆபத்து, பார்சலே இல்லாத ‘கஸ்டம்ஸ்’ அழைப்பு. அட்வான்ஸ் அனுப்பிய சில நாளில் ஒரு போன் வரும்: "டெல்லி கஸ்டம்ஸ்ல இருந்து பேசறோம். உங்க பேர்ல ஒரு லக்ஷுரி வாட்ச் மாட்டியிருக்கு. ட்யூட்டி 18,000 கட்டுங்க, இல்லன்னா கேஸ்." தப்பான பொருளை ஆர்டர் போட்ட பயம் ஏற்கெனவே மனதில் இருப்பதால், பலர் இங்கே யோசிக்காமல் கட்டிவிடுவார்கள். மோசடிக்காரர்களுக்கு இது தெரியும். சுங்கத் துறை யாரிடமும் தனிநபர் யுபிஐ ஐடிக்கோ வங்கிக் கணக்குக்கோ பணம் போடச் சொல்லாது. அது அனுப்பும் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது 2019 நவம்பர் முதல் நடைமுறை. அந்த எண் நிஜமா என்று மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் வெப்சைட்டிலேயே சரிபார்க்கலாம்.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் பாதுகாப்பு என்ற எண்ணமும் அரைகுறைதான். பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள். உள்ளே போட்டோவில் பார்த்த வாட்ச்சுக்குச் சொந்தக்காரன் மாதிரிகூட இல்லாத ஒன்று இருக்கும். கூரியர் பையனிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம், அவருக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

கட்டி அலுத்துப்போய் விற்கப் போனால்

பலர் யோசிக்காத இடம் இது. ஆறு மாதம் கட்டியாயிற்று, போரடிக்கிறது. செகண்ட் ஹேண்ட் ஆப்பில் போட்டு மூவாயிரம் தேற்றலாமே என்று தோன்றும். போட்ட அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் வாங்குபவர் இல்லை, விற்பவர். பிரிவு 104 பேசுவது பெரிய குடோன்காரரைப் பற்றி மட்டும் அல்ல. போலி முத்திரையுள்ள பொருளை விற்கிற, விற்பனைக்கு வைக்கிற யாரைப் பற்றியும்தான். ‘ஒரிஜினல், பில் தொலைஞ்சிடுச்சு’ என்று ஒரு வரி சேர்த்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, அதாவது மோசடி, கூடவே வரும்.

ஒரு காப்பி வாட்ச்சுக்காக யாரும் வீட்டுக்கு ரெய்டு வரப் போவதில்லைதான். டிரேட் மார்க் சட்டப்படி வாரன்ட் இல்லாமல் சோதனை போடவே டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். ஆனால் உங்களிடம் வாங்கியவர் ஏமாந்து புகார் கொடுத்தால், போலீசிடம் பெயரும் நம்பரும் சாட் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருப்பது உங்களுடையதுதான். உங்களுக்கு விற்ற பேஜ் அதற்குள் நான்கு முறை பெயர் மாற்றியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு வாட்ச் போடும் வீட்டாரும் இதை யோசிக்கலாம். மோதிரத்தை உரசிப் பார்க்கும் ஊரில், வாட்ச்சை யாராவது கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்காமலா இருப்பார்கள்? ஆறாயிரம் ரூபாய்க்கு டைட்டன் வாங்கிக் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த கம்பெனி. சர்வீஸுக்கு ஊர் ஊராக ஆளும் இருக்கிறது.

பாண்டியிலிருந்து பாரிஸுக்கு

மற்ற ஊர்க்காரர்களைவிடப் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், பிரான்ஸில் அண்ணன், அத்தை, மாமா இருப்பவர்கள் என்று பாரிஸ் விமானம் ஏறுகிறவர்கள் இங்கே அதிகம். ஊரிலிருந்து போகும்போது கையில் கட்டிக்கொண்டோ, மச்சானுக்குக் கொடுக்கப் பெட்டியில் வைத்தோ காப்பி வாட்ச்சைக் கொண்டுபோனால், சட்டம் நடுவானில் மாறிவிடுகிறது.

பிரான்ஸில் போலிப் பொருளை வைத்திருப்பதே சுங்கக் குற்றம். "சொந்தத்துக்குத்தான்", "யாரோ கிஃப்ட் கொடுத்தது", "போலின்னு தெரியாது" என்பதெல்லாம் பொருளைக் காப்பாற்றாது, பறிமுதல். அதோடு, அசல் பொருளின் மதிப்பில் இரண்டு மடங்குவரை அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ‘அசல் பொருளின் மதிப்பில்’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கொடுத்தது 4,500 ரூபாய். கணக்கு போடுவது பத்து லட்சத்தை வைத்து. ஒரே ஒரு வாட்ச்சோடு வரும் பயணிக்கு உச்சத் தண்டனை விழுவது வழக்கமல்ல என்றாலும், சார்ல் தெ கோல் ஏர்போர்ட்டில் மாமா வெளியே காத்திருக்க, நீங்கள் உள்ளே சுங்க அதிகாரியிடம் வாதாட விரும்ப மாட்டீர்கள். பக்கத்து நாடான இத்தாலியில் போலிப் பொருளை வாங்குபவருக்கே 7,000 யூரோவரை அபராதம்.

போலிகளை இவ்வளவு கடுமையாகப் பார்க்கும் அதே பிரான்ஸில்தான் ரோலக்ஸுக்கும் ஒரு அடி விழுந்தது. அங்கீகரிக்கப்பட்ட டீலர்கள் ஆன்லைனில் விற்கக் கூடாது என்று ரோலக்ஸ் பிரான்ஸ் தடை போட்டிருந்தது. போலி வியாபாரத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது கம்பெனியின் வாதங்களில் ஒன்று. அதற்கு இவ்வளவு கடுமையான தடை தேவையில்லை என்று சொன்ன பிரெஞ்சுப் போட்டி ஆணையம், 2023 டிசம்பரில் 9.16 கோடி யூரோ அபராதம் போட்டது. இதில் நமக்கு ஒரு பயனுள்ள குறிப்பு இருக்கிறது. புத்தம் புது ரோலக்ஸை டீலர்களே இணையத்தில் விற்பதை விரும்பாத கம்பெனி அது. அப்படியிருக்க, ‘ஒரிஜினல் ரோலக்ஸ், ஆடித் தள்ளுபடி 60%’ என்று ஒரு லிங்க் வந்தால், அதைக் கிளிக் செய்து விசாரிக்கவே வேண்டாம்.

பாண்டிக்கும் சுங்கத்துக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு போட்ட சுங்க உடன்பாடு 1949-ல் முறிந்தபோது, பாண்டியைச் சுற்றி இந்தியச் சுங்கக் காவல் இறுகியது. பிரெஞ்சுப் பகுதிக்குள் இறங்கிய வெளிநாட்டுச் சரக்கு எல்லை தாண்டுவதே அப்போது பெரிய தொழில். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா வசம் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. அன்று கடத்தலில் வந்தது அசல் சரக்கு, வரிதான் ஏமாற்றப்பட்டது. இன்று சரக்கே போலி.

பில் எங்கே?

தமிழ்நாட்டில் வாட்ச் பில் பற்றி மாதக்கணக்கில் பேசிய காலம் ஒன்று இருந்தது. 2022 டிசம்பரில், அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த ரஃபேல் வாட்ச்சுக்கு பில் இருக்கிறதா என்று திமுக அமைச்சர் செந்தில்பாலாஜி கேட்டார். பெல் அண்ட் ராஸ் என்ற கம்பெனி 500 மட்டுமே தயாரித்த மாடல் அது. 2023 ஏப்ரலில் அண்ணாமலை பில்லை வெளியிட்டார். அரசியல் எப்படியோ போகட்டும். விலை உயர்ந்த வாட்ச்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்குத் தாள் வேண்டும் என்பது அந்தச் சண்டையில் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. காப்பி வாட்ச்சிலும் சீரியல் நம்பர் பொறித்திருக்கும். பல சமயம் ஆயிரம் வாட்ச்சில் ஒரே நம்பர். ‘பில்லும் தர்றோம் ப்ரோ’ என்று பெட்டி, கார்டு, பில் செட்டாக விற்பவர்களும் உண்டு; அதுவும் காப்பிதான். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி போர்ட்டலில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். வாட்ச் கடையின் நம்பர் என்று கொடுத்தது ஒரு டைல்ஸ் குடோன் பெயரில் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அசல் என்று நம்பி வாங்கி ஏமாந்திருந்தால், கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். கூரியர் லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள், அனுப்பியவர் முகவரிக்கு அதுதான் ஒரே துப்பாக இருக்கும். ‘ஒரிஜினல்’ என்று எழுதிய விளம்பரத்தையும் சாட்டையும் பேஜ் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். யுபிஐயில் அனுப்பிப் பொருளே வரவில்லை என்றால், நாலு நாள் அந்த ஆளோடு பேசிப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்க முடியுமா என்பது எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெரிய தளங்களில் வாங்கியது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருக்கிறார், சூரத்தில் இருக்கிறார் என்று பயப்பட வேண்டாம்; புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டது. புதுச்சேரியில் இருப்பவர் புதுச்சேரி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. புகார் படிவத்தில் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ பேஜில் வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.